முப்பத்தோராவது கேள்வி

எங்கள் வீட்டுக்குத் துணி துவைக்கும் மெஷின் வந்த மறுநாள், பெருமை தாங்காமல் அலுவலகத்தில் சொன்னேன். என்ன மார்க், எத்தனை கிலோ என்று எல்லாரும் கேட்டார்கள். எங்களோடு வேலை செய்யும் தாத்தா மட்டும் பால் கலக்காத பிளேன்டீயை ஊதிக்கொண்டே, "அது வந்தப்பொறகு எந்த வேல நின்டிச்சி?" என்று கேட்டார்.

"துணி துவைக்கிறதுதான் தாத்தா, வேற என்ன?"

"நின்டே போச்சா?"

கொஞ்சம் யோசித்தேன். என் கணவரின் சட்டைக் காலர் லேசுப்பட்ட காலர் அல்ல. மெஷின் அந்த அழுக்கைப் போக்காவிட்டால், வாங்கியதே வீண் என்று மாமி வாய் திறப்பார். அதனால் காலரையும் கைவிளிம்பையும் முதலில் கல்லில் வைத்துத் தேய்த்து, பிறகு மெஷினில் போட்டு எடுத்து, "பாருங்க மாமி, எவ்வளவு வெள்ளையா துவைச்சிருக்கு" என்று காட்டியிருந்தேன். இதை நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் சிரித்த சிரிப்பில் டீ மேசையில் சிந்தியது.

"அப்ப மெஷினுக்கு நீதான் தொவச்சிக் குடுக்குற" என்றார்.

மேசையைத் துடைத்தது நான்தான். அன்று அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட்டேன். அதே காரியத்தை நான் சம்பளத்துக்கும் செய்யப்போகிறேன் என்று அப்போது தெரியாது.

அவரைத் தாத்தா என்று நான் சொல்வதைப் பார்த்து யாரும் வெள்ளைத் தாடியைத் தேட வேண்டாம். கண்டியை அடுத்த மடவளை, அக்குறணைப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். மஹய்யாவவில் எங்கள் வீட்டில் தாத்தா என்றால் அப்பாவின் அப்பா. முதல் வாரம் நாக்கு தடுமாறியது, பிறகு பழகிவிட்டது. என்னைவிட மூன்று வயது மூத்தவர். குள்ளம். கரும்பச்சை அபாயா, தோளில் ஒரு பெரிய துணிப்பை, அந்தப் பைக்குள் தேங்காய்ப் பொல் சம்பல் டப்பா. மடவளை பஸ்ஸில் வந்து எட்டு பத்துக்கு இறங்குவார். எட்டு பதினைந்துக்கு அவருடைய குரல் அலுவலகம் முழுக்கக் கேட்கும்.

குரல் கேட்பதற்கு ஒரு காரணம் இருந்தது. காதில் மாட்டும் ஹெட்செட் அவருடைய முக்காட்டின் மேல் நிற்காமல் வழுக்கிக்கொண்டே போகும். இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டிவிட்டு, மூன்றாம் நாள் கழற்றி மேசை லாச்சிக்குள் போட்டார். அன்றிலிருந்து எந்தத் தொலைபேசிக் கோலாக இருந்தாலும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். பக்கத்து மேசைக்காரர்கள் முதலில் முணுமுணுத்தார்கள். பிறகு அவருடைய கோல்கள் எங்களுக்கு வானொலி நாடகம் மாதிரி ஆகிவிட்டன.

எங்கள் அலுவலகம் கட்டுகஸ்தோட்டை வீதியில், ஒரு ஹார்ட்வெயார் கடையின் மேல்மாடியில் இருக்கிறது. நாங்கள் பதினாலு பேர். வேலையைச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் ஓர் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. எந்தெந்தக் கம்பனி ஏஐயைக் கொண்டுவந்து வெற்றி கண்டிருக்கிறது, எது தடுமாறுகிறது என்று ஒன்றோடொன்றை ஒப்பிட்டு ஆண்டுதோறும் ஓர் அறிக்கை போடும். அதற்காக இந்தப் பக்கத்துக் கம்பனிகளுக்குத் தொலைபேசி எடுத்து, முப்பது கேள்வி கேட்டு, சொன்னதைச் சொன்னபடி எழுதி, புள்ளி போட்டு அனுப்புவது நாங்கள். எழுதி வருவதைச் சரிபார்த்து அனுப்பும் மேசை என்னுடையது.

புள்ளியைப் பொறுத்து ஒவ்வொரு கம்பனியும் நான்கு வகைகளில் ஒன்றுக்குள் போய் விழும். முன்னோடிகள், முன்னேறுவோர், முயற்சிப்போர், பின்தங்கியோர். அறிக்கையில் அந்தப் பெயர்கள் கம்பீரமாக இருக்கும். நாங்கள் முதலாம் பெட்டி, நாலாம் பெட்டி என்று சொல்லிக்கொள்வோம். ஏஐக்கென்று தனியாக ஒரு தலைவர் இருக்கிறாரா, குழு இருக்கிறதா, எழுதிய கொள்கை இருக்கிறதா, எத்தனை கருவி வாங்கினீர்கள், அடுத்த ஆண்டு எத்தனை வாங்குவீர்கள் என்றுதான் கேள்விகள் போகும். பதில் சொல்பவர் முகாமையாளர் தரத்தில் அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். அது சட்டம்.

பெட்டிகளுக்கு இடையில் கோடு எங்கே விழும் என்று முதலிலேயே சொல்ல மாட்டார்கள். எல்லாப் புள்ளியும் வந்த பிறகுதான் கோடு கிழிப்பார்கள். ஆகவே முதலாம் பெட்டி எந்த ஆண்டும் காலியாக இருந்ததில்லை. இதை நான் தாத்தாவுக்கு விளக்கினேன்.

"அப்ப வகுப்பு முழுக்க ஃபெயில் ஆனாலும் ஒருத்தன் முதலாம் பிள்ளையா?"

"அப்படித்தான் தாத்தா."

"நல்ல பள்ளிக்கூடம்" என்றார்.

முப்பது கேள்வியையும் அவர் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் கேட்பார். முடிந்த பிறகு, குரலைக் கொஞ்சம் இறக்கி, தன் சொந்த வேலையை ஆரம்பிப்பார். "மிச்சம் சந்தோசம் சேர். இந்த ஏஐ வர முந்தி அந்த வேலைய செஞ்ச ஆள் யாராச்சும் பக்கத்துல ஈக்கிறாங்களா? ரெண்டே ரெண்டு நிமிஷம் பேசலாமா?" பெரியவர்களுக்கு அதில் மறுக்க ஒன்றும் இருக்காது. தொலைபேசி கைமாறும். அந்தப் பக்கம் யாரோ ஒரு கிளார்க் பயந்த குரலில் "ஹலோ" என்பார். தாத்தா கேட்பார், "அது வந்தப்பொறகு ஒங்களுக்கு எந்த வேல நின்டிச்சி?"

இந்தக் கேள்வியை அவர் யாரையும் விட்டுவைக்கவில்லை. மடவளை பஸ் கொண்டக்டருக்கு டிக்கெட் மெஷின் வந்தபோது அவரிடமும் கேட்டிருக்கிறார். "காதுல பேனை வெக்கிறது நின்டிச்சி தாத்தா" என்றாராம் அந்த மனுஷன். தாத்தாவுக்கு அந்தப் பதில் அவ்வளவு பிடித்துவிட்டது. ஒன்று நின்றிருக்கிறது, அது என்னவென்று அந்த ஆளுக்குத் தெரிந்தும் இருக்கிறது, ஆகவே கொண்டக்டர் முதலாம் பெட்டி என்று வந்து அறிவித்தார்.

ஒருநாள் ஒரு பெரிய கம்பனி. பெயர் வேண்டாம், லொறிகளில் சாமான் அனுப்புகிற இடம். அங்கே ஏஐக்கென்று இருந்த அதிகாரி முக்கால் மணி நேரம் பேசினார். குழு இருந்தது, கொள்கை இருந்தது, எல்லாம் இருந்தது. புள்ளி கூடிக்கொண்டே போனது. கடைசியில் தொலைபேசி சாமான் ஏற்றும் பகுதியில் இருந்த ஒருவரின் கைக்குப் போனது. எங்கள் மலையகப் பேச்சு. ஸ்பீக்கரில் எல்லாரும் கேட்டோம்.

"மெஷின் ஒரு லிஸ்ட் குடுக்கும்க்கா. அத ஓரமா வச்சிட்டு நாங்க எங்க கொப்பில எழுதி வச்சதப் பாத்து லொறிய அனுப்பிருவோம். பொறகு ரெண்டும் ஒத்துப் போற மாதிரி மெஷின்ல மாத்தி வச்சிருவோம்."

"அப்ப எந்த வேல நின்டிச்சி?"

"நிக்கிறதா? ஒன்னு கூடியிருக்கு."

அந்தக் கம்பனி முதலாம் பெட்டிக்குள் போனது. அதே வாரம் அலவத்துகொடயில் கராம்பும் ஏலமும் காயவைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஒரு சின்ன இடம் வந்தது. முதலாளி முப்பது கேள்விக்கும், "அப்பிடி ஒன்டும் எங்கட்ட இல்லயே" என்று ஒரே பதிலைச் சொன்னார். தாத்தா விடவில்லை. அங்கே கடிதம் எழுதுவது யார் என்று கேட்டு, முதலாளியின் மருமகளைப் பிடித்தார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே சொன்னார்: "முந்தி இங்கிலிஷ்ல ஒரு கடிதம் எழுத கண்டி டவுனுக்குப் போகணும். அங்க ஒரு சேர்ட்ட குடுத்து, காத்துக்கிட்டு ஈந்து, எழுதி எடுத்துட்டு வாரது. இப்ப போனுக்குத் தமிழ்ல சொன்னா அது எழுதித் தருது. நான் வாசிச்சிப் பாத்து அனுப்புற. டவுனுக்குப் போறது சுத்தமா நின்டிச்சி."

அவர்களுக்கு நாலாம் பெட்டி. தாத்தா இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். இரண்டையும் இடம் மாற்றிப் போடு என்றார். என்னால் முடியாது என்றேன். பெட்டியை நான் தீர்மானிப்பதில்லை, புள்ளிதான் தீர்மானிக்கிறது என்றேன்.

"புள்ளியே எல்லாம் செய்துண்டா நீ எதுக்கு, நான் எதுக்கு?" என்று கேட்டுவிட்டு, தன் கதிரைக்குப் போய்க் குறிப்பு எழுத ஆரம்பித்தார்.

அந்தக் குறிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பது கேள்விக்கும் கீழே, படிவத்தின் அடியில், குறிப்பு என்று ஒரு சின்னக் கட்டம் உண்டு. நாங்கள் எல்லாரும் அதில் "இல்லை" என்று எழுதி அனுப்புவோம். வெறுமையாக விட்டால் படிவம் போகாது, அதனால் அந்த "இல்லை". அவர் மட்டும் அந்தக் கட்டம் ஏற்கிற கடைசி எழுத்துவரை நிரப்புவார். இடம் முடிந்துவிட்டால் முதலில் இருந்து சொற்களைச் சுருக்கிக்கொண்டு வருவார். அதை யாராவது வாசித்ததாக எனக்குத் தெரியாது. அவரிடமே ஒருமுறை சொல்லியும் இருக்கிறேன்.

"வாசிக்காட்டி என்ன, அவங்க என்னட்ட சொன்ன. நான் எழுதணும்" என்றார்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் எங்கள் அலுவலகத்துக்கும் ஏஐ வந்தது.

எங்கள் சேர் யாழ்ப்பாணத்து மனிதர், கண்டியில் வந்து குடியேறி இருபது வருடம். பெற்றோல் வரிசைக் காலத்தில் வேலை பாதியாகக் குறைந்தபோதும் ஒருவரையும் நிறுத்தாதவர். அப்போது பேராதனையிலிருந்து நடந்தே வருவார், வந்து முதல் வேலையாக எங்களில் யார் யார் எப்படி வந்தோம் என்று கேட்பார். அப்படிப்பட்ட மனிதர் ஒருநாள் கேக் வாங்கி வந்து எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தினார். இனி நாங்கள் கோலைக் கேட்டு எழுதத் தேவையில்லை, இந்தக் கருவி தானே கேட்டு எழுதி, தானே புள்ளியும் போடும் என்றார். ஆங்கிலக் கோல் ஒன்றைப் போட்டுக் காட்டினார். அட்சரம் பிசகாமல் எழுதியது. நாங்கள் கை தட்டினோம். சேரின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அதற்கு எங்கள் தமிழ்தான் பிடிபடவில்லை. மலையகத்தான் ஒரு மாதிரிப் பேசுவான், மடவளைக்காரர் ஒரு மாதிரி, வடக்கிலிருந்து வந்தவர் இன்னொரு மாதிரி, நடுவில் எல்லாரும் சிங்களத்தில் இரண்டு வார்த்தை, இங்கிலிஷில் நாலு வார்த்தை. கருவி எழுதியதில் பாதி வரி வெறுமை. மீதி வரி யாருடைய பேச்சும் இல்லை.

இப்போது நாங்கள் செய்த கூத்தைக் கேளுங்கள். முதல் வாரமே ஒரு தம்பி என் மேசைக்கு வந்து ரகசியமாகச் சொன்னான்: "அக்கா, என் கோல மட்டும் மெஷின் சரியா எழுதல. நானே திரும்பக் கேட்டு எழுதிட்டேன். சேருக்குச் சொல்லிராதீங்க, பாவம், ஆசையா வாங்கியிருக்காரு." அடுத்த நாள் இன்னொருத்தி. அதற்கடுத்த நாள் இரண்டு பேர். ஒவ்வொருவரும் தன்னுடையது மட்டும்தான் கெட்டுப்போகிறது என்று நினைத்தார்கள். என் ஒருத்திக்குத்தான் எல்லாருடையதும் தெரியும். நான் யாரிடமும் மூச்சுவிடவில்லை. அவர்கள் கையால் எழுதியதை மெஷின் எழுதியது என்று பதிந்து அனுப்பினேன். மீதம் கிடந்ததை வீட்டுக்குக் கொண்டுபோய், சோறு வேகும் நேரத்தில் காதில் போட்டுக் கேட்டு எழுதினேன். "எப்படிப் போகுது?" என்று சேர் கேட்கும்போதெல்லாம் "நல்லா வேலை செய்யுது சேர்" என்றேன். அவர் அதை நம்பி வெளிநாட்டுக்கு எழுதினார். ஒரு நல்ல மனிதரைக் கவலைப்படுத்தக் கூடாது என்று ஆரம்பித்த காரியம், பத்து மாதத்தில் எங்கள் அலுவலகத்தின் வெற்றிக் கதையாகிவிட்டது.

தாத்தா மட்டும் ரகசியமாக வரவில்லை. கருவி எழுதியதை அப்படியே வைத்து, அதற்குக் கீழே, "மனிசன் சொன்னது இது" என்று தான் கேட்டு எழுதியதையும் வைத்து, இரண்டையும் சேர்த்து எனக்கு அனுப்புவார். நான் மேலே உள்ளதை அழித்துவிட்டுக் கீழே உள்ளதை மட்டும் அனுப்புவேன். ஒரு மத்தியானம் சாப்பிடும்போது, "நான் அனுப்பினதுல பாதி எங்க போகுது?" என்று கேட்டார். நீளம் கூடிவிட்டது, அதனால் குறைத்தேன் என்றேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு என் தட்டில் ஒரு கரண்டி சம்பல் வைத்தார். வேறொன்றும் கேட்கவில்லை. எல்லாரிடமும் கேள்வி கேட்கிற மனுஷி என்னிடம் கேட்காமல் விட்டது, எனக்கு நாலு நாள் தூக்கத்தைக் கெடுத்தது.

அடுத்த ஆய்வு தொடங்கும்போது வெளிநாட்டிலிருந்து ஒரு செய்தி வந்தது. இந்த முறை, அவர்களுக்கு வேலை செய்து கொடுக்கும் எங்களைப் போன்ற அலுவலகங்களையும் அதே முப்பது கேள்வி கேட்டு அதே நான்கு பெட்டியில் போடப் போகிறார்களாம். முதலாம் பெட்டிக்கு மூன்று வருட ஒப்பந்தம். நாலாம் பெட்டியில் விழுந்தால் அதோடு வேலை முடிந்தது. ஒவ்வொரு அலுவலகமும் தன்னில் ஒருவரைக் கொண்டே கேள்வி கேட்டு, ஒலிப்பதிவோடு அனுப்ப வேண்டும்.

சேர் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "தாத்தாவே கேக்கட்டும். அவ பொய் எழுத மாட்டா எண்டு எல்லாருக்கும் தெரியும். எங்களுக்கு மறைக்க என்ன இருக்கு?" என்றார்.

அன்று வேலை முடிந்து இருவரும் பஸ் எடுக்க நடந்தோம். தூறல். என்னிடம் குடை இல்லை, அவருடைய குடைக்குள் போனேன். வழியிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், மற்றப் பன்னிரண்டு பேரும் தனித்தனியாக வந்து சொன்னதையும், நான் சேரிடம் சொன்னதையும்.

"பதினாலு பேரு இருக்கோம் தாத்தா. நான் வாயத் தொறந்தா அவ்வளவு பேருக்கும் வேலை போயிரும். அதவிட சேர் முகத்த நான் எப்படிப் பாக்குறது?"

அவர் குடையை என் பக்கம் சாய்த்தார். "நான் ஒன்டும் சொல்ல மாட்டேன் புள்ள" என்றார். எனக்கு உயிர் வந்தது. மடவளை பஸ் வந்து நின்றது. ஏறும்போது திரும்பிப் பார்த்து, "ஆனா கேப்பேன்" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை காலை சேரின் கண்ணாடி அறைக்குள் அவர் போய் உட்கார்ந்தார். முப்பது கேள்வியும் கேட்டார். சேர் சொல்லச் சொல்ல எழுதினார். ஏஐக்குத் தலைவர் உண்டு, சேர்தான். கொள்கை உண்டு, சுவரில் ஒட்டியிருந்தது. கருவி உண்டு. அடுத்த ஆண்டு இன்னொன்றும் வாங்குவோம். என் மேசையிலிருந்து கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். சேர் சிரித்தபடி கதிரையில் சாய்ந்தார். முடிந்துவிட்டது என்று தெரிந்தது. அப்போது தாத்தா ஏதோ கேட்டார். சேர் தலையாட்டி, கையை நீட்டி என்னைக் காட்டினார்.

என் மேசையில் தொலைபேசி அடித்தது.

எட்டடி தூரத்தில் இருந்துகொண்டு, முன்பின் தெரியாதவரிடம் பேசும் குரலில் அவர் பேசினார். "வணக்கம். ஒரு ஆய்வுக்காகப் பேசுறேன். ரெண்டு நிமிஷம் எடுக்கலாமா?"

"எடுங்க" என்றேன். என் குரலே அந்தப் பக்கம் ஸ்பீக்கரில் எனக்குக் கேட்டது. அலுவலகத்தில் எல்லாரும் தலையைத் தூக்கினார்கள்.

"கோலைக் கேட்டு எழுதுற வேலைய முந்தி யாரு செஞ்ச?"

"நாங்க."

"இப்ப யாரு செய்ற?"

சேர் பேனையை விரலில் சுழற்றிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். பதில் என்னவென்று அவருக்கு நிச்சயமாகத் தெரியும். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே இன்னொரு முறை பொய் சொல்லியிருப்பேன். சொல்ல வாயும் எடுத்தேன். ஆனால் அந்தக் கேள்விக்கு அத்தனை கம்பனிகளின் கிளார்க்குகளும் உண்மைதான் சொல்லியிருந்தார்கள். பயந்த குரலில் சொன்னார்கள், ஆனாலும் சொன்னார்கள்.

"நாங்கதான்" என்றேன்.

"மெஷின் வந்தப்பொறகு எந்த வேல நின்டிச்சி?"

"ஒன்னும் நிக்கலங்க. ஒரு வேல கூடிருச்சு."

"என்ன வேல?"

"அது எழுதுறத அழிக்கிறது."

"மிச்சம் சந்தோசம்" என்று அவர் தொலைபேசியை வைத்தார்.

முதலில் என்னிடம் வந்த அந்தத் தம்பி எழுந்து நின்றான். "அக்கா, என்னோடது மட்டும் இல்லையா?" என்றான். "என்னோடதும்" என்றாள் இன்னொருத்தி. ஒவ்வொருவராக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சேர் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்க கவலைப்படுவீங்கன்னுதான் சேர்" என்றேன். அழுகை வந்துவிட்டது.

அவர் பக்கத்தில் இருந்த கதிரையில் உட்கார்ந்தார். பதினாலு பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "நான் ஒருத்தன் கவலைப்படக் கூடாதெண்டு நீங்கள் இத்தனை பேரும் பத்து மாதமாய் ரெண்டு மடங்கு வேலை செய்தனியளோ?" என்றார். கோபத்தில் சொன்னாரா, வேறு எதில் சொன்னாரா என்று இன்றும் எனக்குத் தெரியாது. கண் கலங்கியிருந்தது மட்டும் தெரியும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், முப்பது கேள்விக்கும் புள்ளி கூட்டிப் பார்த்தபோது நாங்கள் இன்னும் முதலாம் பெட்டியில்தான் இருந்தோம். கருவி வாங்கியது உண்மை. கொள்கை சுவரில் ஒட்டியிருந்தது உண்மை. கருவி வேலை செய்கிறதா என்று முப்பதில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஒலிப்பதிவும் முப்பதாவது கேள்வியோடு முடிந்திருந்தது. கீழே குறிப்புக் கட்டம் மட்டும் பாக்கி. அதில் "இல்லை" என்று எழுதினால் மூன்று வருடத்துக்குக் கவலையில்லை.

தாத்தா படிவத்தைச் சேரின் பக்கம் திருப்பி வைத்தார். "இது ஒங்கட கம்பனி சேர். நீங்க சொல்லுங்கோ" என்றார்.

சேர் தான் சொன்ன முப்பது பதிலையும் மேலிருந்து கீழே ஒருமுறை வாசித்தார். கீழே ஹார்ட்வெயார் கடையில் யாரோ தகரம் வெட்டும் சத்தம் கேட்டது. கடைசியில், "மற்றக் கம்பனிகளுக்கு எழுதினனீங்கள்தானே?" என்றார்.

"எழுதின."

"அப்ப எங்களுக்கும் எழுதுங்கோ."

அவர் எழுதினார். கடைசி எழுத்துவரை. இடம் போதாமல் முதலில் இருந்து சுருக்கினார், நாங்கள் பதிமூன்று பேரும் அவர் பின்னால் நின்று எந்தச் சொல்லைச் சுருக்கலாம் என்று யோசனை சொன்னோம். அனுப்பியதும் சேர் எல்லாருக்கும் ரோல்ஸும் பிளேன்டீயும் வரவழைத்தார். பத்து மாதத்தில் முதல்முறையாக அன்று நான் காதில் எதையும் மாட்டாமல் சோறு ஆக்கினேன்.

பிறகு மூன்று வாரம், மின்னஞ்சல் பெட்டியைப் பார்க்கக்கூடப் பயந்துகொண்டிருந்தோம். பதில் வந்தது. யாரோ குறிப்பை வாசித்திருக்கிறார்கள். எங்களுடையதை மட்டுமல்ல, தாத்தா அதுவரை எழுதிய அத்தனையையும் தேடி எடுத்து வாசித்திருக்கிறார்கள். எங்களை மூன்றாம் பெட்டியில் போட்டார்கள். மூன்று வருட ஒப்பந்தம் இல்லை, ஒரு வருடம்தான். ஆனால் யாருக்கும் வேலை போகவில்லை. கருவி ஆங்கிலக் கோல்களுக்கு மட்டும் என்று ஆனது, அவற்றைக் கேட்டு எழுதும் வேலை உண்மையிலேயே நின்றது. அடுத்த ஆண்டுப் படிவத்தில் ஒரு கேள்வி கூடியிருந்தது. முப்பத்தோராவது. "இக்கருவியின் வருகைக்குப் பின்னர் தங்கள் நிறுவனத்தில் கைவிடப்பட்ட பணி யாது?" அதற்குக் கீழே, முன்னர் அப்பணியைச் செய்தவரிடமே கேட்கவும் என்று ஒரு வரி. தாத்தா அதை இரண்டு தடவை வாசித்துவிட்டு, "என்ட கேள்வி கோட்டு சூட்டு போட்டுட்டு வந்தீக்கி" என்றார்.

அலவத்துகொட ஏலக்காய்க்காரர் அந்த ஆண்டு இரண்டாம் பெட்டிக்கு ஏறினார். லொறிக் கம்பனி எங்கே போனது என்பதைச் சொல்லாமல் விடுகிறேன்.

அந்த ஆண்டு முடிவில் தாத்தா வேலையை விட்டுவிட்டு மாத்தளையில் மகளோடு இருக்கப் போனார். போகும்போது ஹெட்செட்டை லாச்சியிலிருந்து எடுத்துப் பெட்டியோடு புதுக்கருக்கு அழியாமல் சேரிடம் கொடுத்தார். சம்பல் டப்பாவை என்னிடம் விட்டுவிட்டார். அவருடைய கதிரையில் நான் யாரையும் உட்கார வைக்காமல் கொஞ்ச நாள் பைகளை வைத்துப் பார்த்தேன். அது ரொம்ப நாள் பலிக்கவில்லை.

போன மாதம் ஒரு பகல் வேளையில் அவரிடமிருந்து கோல் வந்தது. பேரனுக்குப் பல் முளைத்த கதை, மாத்தளை வெயில், முழங்கால் வலி. எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, சட்டென்று அந்த ஆய்வுக் குரலுக்கு மாறினார்.

"சரி, நான் போனப்பொறகு அங்க எந்த வேல நின்டிச்சி?"

நான் தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவில் வைத்தேன். எல்லாரும் வேலையை விட்டுவிட்டுத் திரும்பினார்கள். அன்று காலை என் மேசைக்கு வந்திருந்த படிவங்களைப் புரட்டிப் பார்த்தேன். குறிப்புக் கட்டத்தில் ஒன்றில்கூட "இல்லை" என்று இல்லை. எல்லாம் கடைசி எழுத்துவரை நிரம்பியிருந்தது.

"ஒன்னும் நிக்கல தாத்தா" என்றேன். "ஒரு வேல கூடிருச்சு."